ஞானபாயின் நீண்ட ஜெபம்

ஞானபாய் ஜெபம் பண்ண ஆரம்பித்தால், அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவர்கள் மெல்ல எழுந்துபோய் சோற்றை வடித்துவிட்டு வந்து மறுபடி கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று திருவனந்தபுரத்துத் தமிழ்ச் சபையில் ஒரு பேச்சு உண்டு. பாதி கேலி, பாதி பெருமை. போதகரின் பிரசங்கத்துக்குக் கொட்டாவி விடுகிறவர்கள்கூட, ஞானபாய் சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எழுதிவைத்ததை வாசிக்கிற ஜெபத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிற ஜெபக்கூட்டம் அப்படியல்ல. அங்கே மனதில் எழுந்ததை வாய் சொல்ல வேண்டும். நாலு வார்த்தைக்கு மேல் வராமல் திணறுகிறவர்கள் மத்தியில் ஞானபாயின் ஜெபம் காட்டாற்று வெள்ளம். ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆண்டவருக்கு முன்னால் நிறுத்துவாள். "உமக்குத் தெரியும், ஆண்டவரே" என்றுதான் ஒவ்வொரு விண்ணப்பமும் தொடங்கும். தெரியும் என்று சொல்லிவிட்டு, தெரியாதவருக்குச் சொல்கிற மாதிரி ஒன்றுவிடாமல் சொல்வாள். யாருக்கு முட்டுவலி, எந்த எண்ணெய் தடவியும் கேட்கவில்லை, யாருடைய மகன் பரீட்சையில் எந்தப் பாடத்தில் கோட்டைவிட்டான், எந்த மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள், எல்லாம் பரலோகத்துக்கு விவரமாகப் போய்ச்சேரும். போகிற வழியில் கூடத்தில் இருப்பவர்கள் காதிலும் விழும். அதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை. சொல்லப்போனால், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஆள் குறையாததற்கு அதுவும் ஒரு காரணம்.

வேடிக்கை என்னவென்றால் அவள் வேலை பார்த்தது டிரங்க் கால் இணைக்கும் எக்ஸ்சேஞ்சில். காலையில் ஹெட்ஃபோனை மாட்டினால் ஊரில் பாதிப்பேரின் அந்தரங்கம் அவள் காதுவழியாகத்தான் பம்பாய்க்கும் மெட்ராசுக்கும் போகும். வியாபாரிகளின் நஷ்டம், புருஷன் பெண்டாட்டி சண்டை, சாவுச் செய்தி, எதைக் கேட்டாலும் அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. அவளோடு பத்துப் பதினைந்து வருஷம் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்களுக்குக்கூட அவள் ஒரு டிரங்க் காலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேலையில் கல்லறை, ஜெபத்தில் தமுக்கு. இரண்டும் ஒரே வாய்தான் என்பது அவளுக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. தம்பானூரில் அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ரத்தினம்மை குடியிருந்தாள். புருஷனை இழந்தவள், ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். ஒரே மகள் ரோஸ்லெட் பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பாங்கில் வேலை, குடிக்கிற பழக்கம் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பாடம் எடுக்கிறவன். பெண் பார்த்தார்கள், பிடித்தது. நிச்சயத்துக்கு நாள் குறிக்கும் முன்னால் பெண்வீட்டில் ஒரு ஜெபம் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டாரும் பேசி முடிவு பண்ணினார்கள்.

அந்த வாரம் ரத்தினம்மை ஒரு சாயங்காலம் ஞானபாயைத் தேடி வந்தாள். வாசல் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"ரோஸ்லெட்டுக்கு சின்னதில இருந்தே வலிப்பு உண்டு அக்கா. ஆருக்கும் தெரியாது. மருந்து தின்னுதா. காலேஜில சேந்ததுக்கு அப்புறம் ஒருக்ககூட வரல்ல. ஆனாலும் பெத்த வயிறு கேக்குமா? ஜெபத்தில வச்சுக்கிடுங்க."

ஞானபாய் அவள் கையைப் பிடித்து, கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஆண்டவரின் வேலையைத் தானே ஏற்றுக்கொண்ட மாதிரிதான் இருந்தது அந்தப் பேச்சு. ரத்தினம்மை நிம்மதியாக எழுந்து போனாள்.

ஜெபத்தன்று ரத்தினம்மையின் சின்ன வீடு நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளைவீட்டார் சுவரோரம் நாற்காலிகளில் இருந்தார்கள். மற்றவர்கள் பாயில். அடுக்களையில் முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் தட்டுகளில் காத்திருந்தன. பாட்டு முடிந்தது, வேதவாசிப்பு முடிந்தது. போதகர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, இனி ஞானபாய் அம்மா ஜெபிப்பார்கள் என்றார். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்திலிருந்தவளிடம், இவங்கதானா அது என்று மெதுவாகக் கேட்டாள். அந்தக் கேள்வி ஞானபாயின் காதில் விழுந்தது. விழுந்திருக்கவேண்டாம்.

பொல்லாத எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. ஆனால் தன் பெயர் மார்த்தாண்டம்வரை போயிருக்கிறது என்று தெரிந்ததும் மனசுக்குள் ஒரு சின்ன மிதப்பு வந்தது. இந்த ஜெபம் அந்த ஊரில் போய்ப் பேசப்பட வேண்டும் என்று தோன்றியது. முக்காட்டைச் சரிசெய்தாள், கண்ணை மூடினாள், ஆரம்பித்தாள். துதித்தாள், நன்றி சொன்னாள். மாப்பிள்ளையின் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆசீர்வதிக்கச் சொன்னாள். அடுக்களையில் நின்ற பெண்களுக்குக்கூடக் கண் கலங்கியது. வெள்ளம் ஏறிக்கொண்டே வந்தது.

"உமக்குத் தெரியும், ஆண்டவரே. இந்தப் பிள்ளைய சின்ன வயசில இருந்து அந்த வலிப்பு நோய் என்ன பாடு படுத்திச்சு. பெத்தவ ஆருக்கும் தெரியாம எத்தன கண்ணீர் வடிச்சா. நீர் அவளத் தொட்டீரே. கட்டிக்கொடுத்த வீட்டில போய் ஒருநாளும் அது தலைகாட்டாதபடிக்கு நீரே அவளுக்குக் கோட்டையா இரும்."

இன்னும் கொஞ்சதூரம் ஜெபம் ஓடியது. இயேசுவின் நாமத்தில் கேட்டு முடித்தாள். ஆமென் வரவில்லை.

ஜெபம் முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து சொல்கிற ஆமென் கூரையைத் தூக்குகிற மாதிரி வரும். அது தன் ஜெபத்துக்குக் கிடைக்கிற கைதட்டல் என்று ஞானபாய் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அதற்காகக் காது காத்திருக்கும். அன்று கூடம் கப்சிப்பென்று இருந்தது. மூலையில் அரைத்தூக்கத்தில் இருந்த அவள் புருஷன் தவசிமுத்து மட்டும் சத்தம் நின்றதை வைத்து முடிந்துவிட்டதென்று ஊகித்து, "ஆமென்" என்று பலமாகச் சொன்னார்.

ஞானபாய் கண்ணைத் திறந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ரத்தினம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தினம்மை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுக்களை வாசலில் காபித் தட்டோடு நின்ற ரோஸ்லெட் ஞானபாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைவீட்டார் மரியாதையான மனிதர்கள், சத்தம் போடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். காபியைத் தொடாமல் எழுந்தார்கள். பையன் மட்டும் ஒருதடவை அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் மாமா தோளில் கைவைத்து அழைத்துக்கொண்டு போனார். கூட்டமும் கலைந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை சுகமாக இருந்தது, கெட்டது பக்கத்து வீட்டுப் பெண்.

ஞானபாய் போகாமல் நின்றாள். ஏதாவது சொல்லவேண்டும் என்று நின்றாள். ரத்தினம்மைதான் முதலில் பேசினாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஆண்டவருக்கு முந்தியே தெரியும், அல்லே அக்கா. அப்போ நீங்க ஆருக்குச் சொன்னிய?"

உண்மையைத்தானே சொன்னேன், ஒளித்துக் கல்யாணம் செய்தால் நாளைக்குப் பிள்ளைக்குத்தானே கஷ்டம் என்று ஞானபாய் ஏதோ சொல்லப்பார்த்தாள். அதற்குள் ரோஸ்லெட் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"ஒளிக்க ஆரு நினைச்சா மாமி? காபி குடிச்சப்புறம் எங்க ரெண்டுபேரையும் பின்முற்றத்தில கொஞ்சநேரம் பேசச் சொல்லியிருந்தாவ. அங்க வச்சு நானே சொல்லதா இருந்தேன். ஒரு வாரமா கண்ணாடி முன்னால நிண்ணு சொல்லிப் பாத்தேன். நான் சொல்லியிருந்தா அது எனக்க தைரியம். நீங்க சொன்னதில அது நாங்க ஒளிச்ச களவாயிட்டு."

அவள் அழவில்லை. பிறகு காபித் தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொல்லையில் கொட்டப் போனாள்.

ஞானபாய் லேசில் தோற்கிற ஆள் அல்ல. இரண்டு நாள் தனக்குத்தானே வக்கீலாக இருந்தாள். தன் வாயில் வந்தது ஆவியானவர் ஏவியது, அதில் மனுஷர் குற்றம் பார்க்கக்கூடாது என்று வாதாடினாள். தவசிமுத்து சாலைத் தெருவில் ஓர் இரும்புக்கடையில் கணக்கெழுதுகிறவர். வீட்டில் பேச்சைக் கணக்குப் பார்த்துத்தான் செலவழிப்பார். அன்று சைக்கிளைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆண்டவருக்குக் காது செவிடு இல்ல, ஞானம்" என்றார். துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

சரி, கெடுத்ததை நானே சரிசெய்கிறேன் என்று மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினாள். பையனின் அம்மா வரவேற்று, பழம் கொடுத்து, டீ கொடுத்து உட்காரவைத்தாள். பெண் தானாகச் சொல்வதாகத்தான் இருந்தாள், கெடுத்தது என் வாய்தான் என்று ஞானபாய் மறைக்காமல் சொன்னாள். அந்த அம்மா தலையாட்டிக் கேட்டாள். நீங்கள் சொல்வது மெய்யாகவே இருக்கட்டும், ஆனால் எங்கள் ஆட்கள் மனதில் ஒரு கல் விழுந்துவிட்டது, இனி எடுக்க முடியாது என்றாள். பிறகு விடைகொடுக்கும்போது, இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், எங்கள் வீட்டுக்காக ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போங்கள் என்றாள். அதில் குத்தல் இருந்ததா, மெய்யாகவே கேட்டாளா, தெரியாது. ஞானபாய் முக்காட்டை இழுத்தாள், கண்ணை மூடினாள். வார்த்தை வரவில்லை. வாழ்க்கையிலேயே முதல்தடவையாக, நீங்களே பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே நடந்தது தலைகீழ். ஊரே வாயை மூடிக்கொண்டது. அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஜெபக்குறிப்பு ஏதாவது உண்டா என்று போதகர் கேட்டார். வழக்கமாக அந்தக் கேள்விக்குப் பத்துக் கைகள் எழும். அன்று ஒருத்தி மழைக்காக ஜெபிக்கச் சொன்னாள். இன்னொருத்தி நாட்டை ஆளுகிறவர்களுக்காக என்றாள். மூன்றாமவள் யோசித்துப் பார்த்து, உலக சமாதானத்துக்காக என்றாள். ஒரே வாரத்தில் சபையில் யாருக்கும் முட்டுவலி இல்லை, யார் மகனும் பரீட்சையில் தவறவில்லை, எல்லா மருமகள்களும் மாமியாரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். வழியில் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று ஞானபாய் கேட்டால், "தேவகிருபையால சுகம் அக்கா" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டார்கள். சிரிப்பாகத்தான் இருந்தது, அவளைத் தவிர எல்லாருக்கும். அவளுக்கு வலித்தது. நம்பித் தன்னிடம் வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்த பெண்கள் எல்லாரும் ஒரே நாளில் போய்விட்டார்கள்.

கண் திறந்தது எக்ஸ்சேஞ்சில்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், ஏதோ ஒரு வீட்டுச் சண்டையை லைனில் முழுக்கக் கேட்டுவிட்டு, இடைவேளையில் அதை நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்கவைத்தாள். ஞானபாய் எழுந்துபோய் அவளை ஒரு பிடி பிடித்தாள்.

"அவங்க உன்கிட்டயா பேசினாவ? அங்க ஒருத்தர், இங்க ஒருத்தர். சேத்துவிடதோட உனக்க வேல தீந்துது. நடுவில இருக்கவளுக்கு நாக்கு எதுக்கு?"

சொல்லி முடித்தாள். அந்தப் பெண் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டுப் போனாள். ஞானபாய் மட்டும் அங்கேயே நின்றாள். தான் சொன்னது திரும்பி வந்து தன் கன்னத்திலேயே அறைந்த மாதிரி இருந்தது. ரத்தினம்மையும் இவள் நடுவில் இருக்கிறவள் என்று நம்பித்தானே வந்தாள். அங்கே ஆண்டவர், இங்கே அந்தத் தாய். சேர்த்துவிட்டு விலகியிருக்க வேண்டியவள், கூடம் நிறைய ஆளை வைத்துக்கொண்டு லைனில் கத்தியிருக்கிறாள்.

மறுநாள் விடிகாலையில் வழக்கம்போல் கட்டிலோரம் முழங்காலில் நின்றாள். "உமக்குத் தெரியும்" என்று ஆரம்பிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். அடுத்து யாருடைய கதையைச் சொல்லப் போகிறோம் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷம் பண்ணின ஜெபங்களை நினைத்தாள். சபையில் ஒரு வீடு விடாமல் எல்லாரும் அதில் இருந்தார்கள். அவள் ஒருத்தி மட்டும் இல்லை. ஞானபாய்க்கு இன்ன குறை, ஞானபாய்க்கு இன்ன பயம், ஞானபாய் இன்ன இடத்தில் தவறினாள் என்று ஒரு வரிகூட அதில் வந்ததில்லை. ஊரார் சங்கதி அத்தனையும் சரளமாகச் சொன்ன வாய்க்குத் தன் சங்கதி சொல்லப் பழக்கமில்லை. தட்டுத்தடுமாறிச் சொன்னாள். எனக்குப் பெருமை அதிகம் என்றாள். அந்தப் பிள்ளையின் தைரியத்தை நான் பறித்துவிட்டேன் என்றாள். அதைச் சொல்லவே வெகுநேரம் பிடித்தது. சொன்னபிறகு சும்மா நின்றாள். பேச்சில்லாத அந்த நேரம் முதலில் பயமாக இருந்தது, போகப்போக ஆறுதலாக இருந்தது. தான் பேசிக்கொண்டே இருந்ததில் ஆண்டவருக்கு ஒருதடவைகூட இடம் கொடுத்ததில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அன்றைக்கே ரோஸ்லெட்டைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்ற சாக்கைச் சேர்க்காமல் கேட்டாள். ரோஸ்லெட், மன்னித்துவிட்டேன் என்று இப்போது சொன்னால் பொய்யாகிவிடும், ஆனால் மன்னிக்க மனசு தரும்படி ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள். ஞானபாய்க்கு அது போதுமாக இருந்தது. பெரியவர்கள் நாலுபேர் கூடிச் சொல்கிற சமாதானத்தைவிட நேர்மையான பேச்சு அது.

அதன்பிறகு கூட்டங்களில் அவள் பின்வரிசையில் உட்கார்ந்தாள். ஜெபிக்கக் கூப்பிட்டால் வேறு யாரையாவது கைகாட்டினாள். சும்மா இருந்தாள் என்று நினைத்துவிடக் கூடாது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு நடக்கிற வழியில், பழவங்காடிச் சந்தைக் கூட்டத்தில் காய்கறி வாங்குகிறபோது, துணி அலசுகிறபோது, ஒவ்வொரு வீடாக நினைத்து மனதுக்குள் ஜெபித்தாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. மெதுவாக ஒருத்தி வந்தாள், கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். அவள் சொன்னது வெளியே வரவில்லை. வெளியே வராத விஷயம் வெளியே தெரிய நாளாகுமல்லவா. நாளானது. இன்னொருத்தி வந்தாள். மழைக்காலம் முடிந்து பனி தொடங்கியபோது ஞானபாய் வீட்டுக் கதவு பழையபடி அடிக்கடி சாத்தித் திறந்தது.

ரோஸ்லெட்டுக்கு வேறு சம்பந்தம் தேடவில்லை. முதலில் வேலை என்று அவளே சொல்லிவிட்டாள். காட்பாடிக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இன்டர்வியூவுக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் பேச்சாகத் தனக்கு வலிப்பு உண்டு என்றாள். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்து, மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். சாப்பிடுகிறேன் என்றதும், அப்படியானால் ஜூனில் ஆறாம் வகுப்பை எடுத்துக்கொள் என்றாள். சபை முழுக்க அந்தக் கதை பரவியது. ரோஸ்லெட்டே தன் வாயால் எல்லாருக்கும் சொன்னாள், அதுவும் சிரித்துக்கொண்டே. ரத்தினம்மைக்கு மகளை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது.

காட்பாடிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், ஞானபாய் டியூட்டி முடிந்து வெளியே வந்தபோது ரோஸ்லெட் எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்றாள். இரண்டுபேரும் ஒன்றாக நடந்தார்கள். வெளியூர் போகிறவர்களை ரயில்நிலையத்தில் சுற்றி நின்று ஜெபித்து அனுப்புவது சபையில் வழக்கம். நாளைக்கு அந்த ஜெபத்தை நீங்கள்தான் பண்ண வேண்டும் என்றாள் ரோஸ்லெட்.

ஞானபாய் நின்றுவிட்டாள். "எனக்க வாயப் பத்தித் தெரிஞ்சும் கேக்கியே மக்ளே. போதகர் வருவாவல்லா."

"அண்ணைக்கு எல்லாரும் இருக்கும்போ உங்க வாயாலதான் கெட்டுது. நாளைக்கும் எல்லாரும் இருப்பாவ. நீங்கதான் நிக்கணும்." கொஞ்சம் நடந்துவிட்டு ரோஸ்லெட் மெதுவாகச் சொன்னாள். "இன்னொண்ணும் உண்டு மாமி. எனக்கு பயமா இருக்கு. அம்மைகிட்ட சொல்லல்ல. சொன்னா அவ நாளைக்கு என்னை ரெயில் ஏத்தமாட்டா. நான் போகணும். உங்ககிட்ட மட்டும்தான் சொல்லுதேன்."

ஞானபாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாக்கி தூரம் நடந்தாள். கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் தம்பானூர் ஸ்டேஷனில் சபையில் பாதி கூடிவிட்டது. ரோஸ்லெட்டை வழியனுப்ப வந்தவர்கள் பாதிப்பேர், ஞானபாய் மறுபடி வாய் திறக்கிறாள் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் பாதிப்பேர். மெட்ராஸ் மெயில் கிளம்பத் தயாராக நின்றது. பெட்டியும் படுக்கையும் உள்ளே ஏறியாயிற்று. தனியாக அவ்வளவு தூரம் போகிறாளே என்று யாரோ சொன்னதற்கு, "எனக்க மவளுக்குப் பயமே கிடையாது" என்றாள் ரத்தினம்மை. ரோஸ்லெட் சிரித்தாள். அவள் கை ஞானபாயின் கைக்குள் இருந்தது. ஐஸ் மாதிரி குளிர்ந்து ஈரமாக இருந்தது.

போதகர் கைகாட்டினார். எல்லாரும் வட்டமாக நின்றார்கள். தவசிமுத்து இது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அனுபவத்தில் தெரிந்தவராகையால், பழக்கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தூணில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். ஞானபாய் முக்காட்டை இழுத்துவிட்டாள். ரோஸ்லெட்டின் தலையில் கையை வைத்தாள். கண்ணை மூடினாள்.

பழைய வார்த்தைகள் ஒன்றும் செத்துப்போகவில்லை. எல்லாம் வரிசையில் வந்து நின்றன. தாயை விட்டுப் பிரிகிற மகள், தெரியாத ஊர், பயந்து நடுங்குகிற இளம் உள்ளம். ஒவ்வொன்றும் அழகான வார்த்தை, கேட்டால் பிளாட்பாரமே அழும். தொண்டைவரை வந்துவிட்டன. அவள் கைக்குக் கீழே அந்தப் பிள்ளையின் தலை லேசாக நடுங்குவது அவளுக்கு மட்டும் தெரிந்தது. அவளுக்கும் இன்னொருவருக்கும்.

"உமக்குத் தெரியும், ஆண்டவரே" என்றாள் ஞானபாய்.

எல்லாரும் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். டீக்காரன் கூவிக்கொண்டு போனான். கார்டு விசில் ஊதினான். ஞானபாயின் கை அந்தத் தலையிலேயே இருந்தது. உதடு அசையவில்லை. போதகர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அந்த மௌனத்தில் அவள் தன் வாழ்நாளிலேயே மிக நீண்ட ஜெபத்தைப் பண்ணினாள். கைக்குக் கீழே நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கியது.

"ஆமென்" என்று முதலில் சொன்னது ரோஸ்லெட். எல்லாருக்கும் கேட்கும்படி, உரக்கச் சொன்னாள். பிறகு ரத்தினம்மை சொன்னாள். அப்புறம்தான் மற்றவர்களுக்கு ஜெபம் முடிந்துவிட்டது என்று புரிந்து, அவரவர் ஆமெனை அவசரமாகச் சொன்னார்கள். தூணில் சாய்ந்திருந்த தவசிமுத்து கண்ணைத் திறந்து, "ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார்.

ரோஸ்லெட் ஓடி ஏறினாள். வண்டி நகர்ந்தது. ஜன்னலில் அவள் கை தெரிகிறவரை எல்லாரும் கையசைத்தார்கள். கூட்டம் வாசலைப் பார்த்து நகர்ந்தபோது ரத்தினம்மை ஞானபாயின் பக்கத்தில் வந்து நடந்தாள்.

"அவ உங்ககிட்ட என்னமோ சொல்லியிருக்கா, அல்லே அக்கா?"

"சொன்னா."

"என்ன சொன்னா?"

பெற்றவள் கேட்கிறாள், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லாமல் இருப்பது எளிதாக இல்லை. ஆனாலும் ஞானபாய் சொல்லவில்லை. ரத்தினம்மை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்சதூரம் நடந்தாள். பிறகு அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சரி அக்கா. ஜெபத்தில வச்சுக்கிடுங்க."